சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது?

உத்திரமேரூர்க்காரர் ஒருவரிடம் பாஸ்போர்ட் விண்ணப்பத்தைக் கொடுத்துப் பாருங்கள். 'சர்நேம்' என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடும். அப்பா பெயரின் முதல் எழுத்தை வைத்தே ஆயுசை ஓட்டிவிடுகிற கூட்டம் நாம்.

வெள்ளைக்காரருக்கு இந்தக் கவலை கிடையாது. ஒரு கிராமத்தில் ஆறு ஜான் இருந்தார்கள். கொல்லுப்பட்டறை ஜான் ஸ்மித் ஆனார், மாவு மில் ஜான் மில்லர் ஆனார். கொள்ளுப்பேரன் சுத்தியலைத் தொட்டதே இல்லை. இருந்தும் ஸ்மித்தேதான்!

அப்படி ஒரு குடும்பப் பெயர் கப்பலேறி நம் பக்கமும் வந்தது. லயோனல் பிளேஸ். 1794 முதல் 1798 வரை கிழக்கிந்தியக் கும்பினி ஜாகீரின் கலெக்டர். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் எல்லாம் அவர் கைக்குள். பெயரைக் கேட்டாலே அரண்மனை வாசல் தெரிகிறதா? ஆங்கிலக் குடும்பப் பெயர் அகராதிகள் அவ்வளவு மரியாதை தருவதில்லை. ஆதி பிளேஸ் சந்தைத் திடல் ஓரத்தில் குடியிருந்தவராம். வேலி ஓரத்து ஆசாமியாகவும் இருக்கலாமாம். இரண்டும் இல்லையென்றால் 'பிளெய்ஸ்' என்ற தட்டை மீன் விற்றவராம். ஜாகீரையே அதட்டிய துரையின் பாட்டனார், ஏதோ ஒரு சந்தையில் வாடிக்கையாளரிடம் பேரம் பேசித் தோற்றிருக்கலாம்.

ரொம்பச் சிரிக்காதீர்கள், நம்ம ராஜாக்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா என்ன? சோழர்கள் பட்டத்தை ஷிஃப்ட் முறையில் வைத்திருந்தார்கள்: ஒருவர் ராஜகேசரி, அடுத்தவர் பரகேசரி, அதற்கடுத்தவர் மறுபடி ராஜகேசரி. முதலாம் பராந்தகன் பரகேசரி ஷிஃப்ட். அது போதாதென்று 'மதிரை கொண்ட' என்று முன்னால் ஒரு ஒட்டு. உத்திரமேரூரில் 919-ல் குடவோலை விதிகளை வெட்டும்போதுகூட, விதிகளுக்கு முன்னால் அந்தப் பட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. மதுரையைக் கொண்டது வாஸ்தவம். பாண்டியன் கிரீடத்தை இலங்கையில் ஒளித்துவைத்ததும், பராந்தகனால் அதைக் கடைசிவரை எடுக்க முடியாமல் போனதும் விசிட்டிங் கார்டில் இடம்பெறவில்லை.

இரண்டே வருஷத்தில் விதிகளைத் திருத்த வேண்டியதாயிற்று. 921-ல் அரசாணையோடு வந்த அதிகாரியின் பெயரைக் கேளுங்கள்: சோழநாட்டுப் புறங்கரம்பை நாட்டு ஸ்ரீவங்கநகர்க் கரஞ்சை கொண்டய கிரமவித்த பட்டனாகிய சோமாசிப் பெருமாள். மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். நாடு, ஊர், படிப்பு எல்லாம் உள்ளே போய்விட்டன. பின்கோடு ஒன்றுதான் பாக்கி. கல்தச்சருக்கு மட்டும் எழுத்துக் கணக்கில் கூலி கொடுத்திருந்தால் மனிதர் மாடி வீடு கட்டியிருப்பார்!

ஊரையும் விட்டுவைக்கவில்லை. பல்லவர் காலத்து உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம், பிறகு ராஜேந்திர சோழச் சதுர்வேதிமங்கலம் ஆயிற்று. தெலுங்குச் சோழர் விஜயகண்டகோபாலர் வந்தார். ஊர் கண்டகோபாலச் சதுர்வேதிமங்கலம் ஆயிற்று. ராஜாக்களுக்கு எல்லாம் ஒரே நம்பிக்கை, கல்லில் வெட்டினால் வாயில் வந்துவிடும் என்று. இன்றைக்குக் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் போய் "கண்டகோபாலச் சதுர்வேதிமங்கலம் ஒரு டிக்கெட்" என்று கேட்டுப் பாருங்கள். கண்டக்டர் உங்களை இறக்கிவிடும் இடம் வேறாக இருக்கும்.

பிளேஸ் துரை மட்டும் தப்பினாரா? பேய்மழையில் மதுராந்தகம் ஏரி தளும்பியது. கரை தாங்கினால் அங்குள்ள ராமர் கோயிலில் தாயாருக்குச் சந்நிதி கட்டித் தருவதாகத் துரை வாக்குக் கொடுத்தார் (கும்பினிக்காரர் இல்லையா, சாமியோடும் காண்டிராக்ட்!). ராத்திரி கரைக்குப் போனால் வில்லோடு இரண்டு வாலிபர்கள் காவல் நிற்கிறார்களாம், ராமரும் லட்சுமணரும். கரை நின்றது. துரையும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிச் சந்நிதி கட்டினார். தர்மம் தம்முடையது என்று மறக்காமல் கல்லிலும் பெயர் பொறிக்கப்பட்டது.

ஏரி காத்த பட்டம் ராமருக்குப் போயிற்று. அதில் யாரும் வழக்குப் போட முடியாது. துரைக்கு என்ன மிஞ்சியது என்று அந்தப் பக்கத்துப் பெரியவர் யாரிடமாவது இந்தக் கதையைக் கேட்டுப் பாருங்கள். "அந்தக் காலத்துல ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் இருந்தாருப்பா" என்றுதான் ஆரம்பிப்பார்.