கதிர்காமர் முகவரி

மருமகன் ருமேனியாவுக்குப் போகப் போகிறான். ஏதோ தொழிற்சாலை வேலையாம். ஏஜென்சிக்காரன் சொன்ன சம்பளத்தை நான் நம்பவில்லை, தங்கச்சி நம்பிவிட்டாள். அதற்குப் பொலிஸ் கிளியரன்ஸ் வேண்டுமென்று முள்ளியவளையில் எங்கள் றோட்டோரக் கொமினிகேசனில் அவனோடு குந்தியிருந்தேன். கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்த பெடியன் ஒவ்வொரு பெட்டியாக நிரப்பிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றான்.

"இதுவரைக்கும் இருந்த விலாசமெல்லாம் சொல்லுங்கோ மாமா. எப்ப தொடங்கி எப்ப மட்டும் எண்டு."

கொழும்பில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஒரு வரியில் முடிகிற விஷயம். எங்களுடையவனுக்கு வயது இருபத்திரண்டு. பிறந்தது முள்ளியவளையில், அது சரி. 2008 டிசம்பருக்குப் பிறகு? புதுக்குடியிருப்பில் ஒரு பள்ளிக்கூட விறாந்தை. சுதந்திரபுரத்தில் ஒரு தறப்பாளும் ஒரு பங்கரும். பங்கருக்குத் தபால் இலக்கம் இல்லையே என்று அதை விட்டுவிட்டோம். அதற்கடுத்த இடத்துக்கு முறையான விலாசமே இருந்தது: கதிர்காமர் நலன்புரிக் கிராமம், மெனிக் பாம், செட்டிகுளம்.

பெடியன் தட்டினான். எட்டிப் பார்த்தேன். கதிர்காமம், மொனராகலை மாவட்டம் என்று போட்டிருந்தான்.

"அது ஊரில்லையடா தம்பி, ஆள்."

"ஆர் ஆள்?"

"வெளிநாட்டு அமைச்சர்."

"விஜித ஹேரத்தோ?"

அவனில் பிழையில்லை. லக்ஷ்மன் கதிர்காமர் சுடப்பட்டபோது அவன் பிறந்திருந்தாலே பெரிய காரியம். ஆனால் ஒரு காலத்தில் அந்த மனிசன் பேசுவதும் பேசாமல் நிற்பதும் என் வலது கையில் இருந்தது என்று சொன்னால் அவன் நம்புவானா?

1997. ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கை நடந்துகொண்டிருந்த காலம். வன்னிக்குள் பெற்றறி வரத் தடை. மண்ணெண்ணெய் சொட்டுக் கணக்கு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் ஊறுகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு எரிக்கிற சிக்கன விளக்குத்தான் என் சாதாரணதரப் படிப்புக்கு வெளிச்சம். இத்தனைக்கும் எங்களுடையது தண்ணீரில் விளக்கெரிகிற ஊர். வைகாசிப் பொங்கலுக்கு முன் கடல் நீர் எடுத்துவந்து காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரித்து, பிறகுதான் வற்றாப்பளை அம்மனிடம் போவார்கள். அம்மாளுக்கு அந்த வசதி இருந்தது. எங்களுக்குச் சங்கக்கடைக் கூப்பன்தான்.

றேடியோவுக்குச் சைக்கிள். பெரியப்பாவின் பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லில் முட்டவிட்டு, இரவு ஒன்பதேகாலுக்குப் பிபிசி தமிழோசை தொடங்க நான் பெடலைச் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் வாசிக்கிறவர் கிணற்றுக்குள்ளிருந்து கதைப்பார். கெதியாகச் சுற்றினால் கீச்சிடுவார். ஒக்டோபரில் ஓர் இரவு அமெரிக்கா புலிகளைப் பயங்கரவாத இயக்கமாகப் பட்டியலிட்ட செய்தி வந்தது. பின்னால் கதிர்காமர். ஆங்கிலத்தில் அவருடைய குரல் கொஞ்சம் ஒலித்து, அதன்மேல் தமிழ் மொழிபெயர்ப்பு ஏறியது. எனக்குக் கை உளைந்தது. விட்டேன். இலங்கையின் வெளிநாட்டு அமைச்சர் நடுவசனத்தில் நின்றார்.

"சுத்தடா!" என்றார் பெரியப்பா. "என்ன இங்கிலீசு தெரியுமோ? ஒக்ஸ்போர்ட்."

பெரியப்பா ஓய்வுபெற்ற தபால் அதிபர். கதிர்காமரைத் திட்டுவார், ஆனால் அவருடைய ஆங்கிலத்தை யாரும் குறைசொல்லக் கூடாது. அவருடைய சரித்திரமெல்லாம் பெரியப்பாவுக்குப் பாடம். மானிப்பாய்ப் பூர்வீகம், கொழும்புப் பிறப்பு, கண்டி திரினிற்றிக் கல்லூரியில் கிரிக்கெட் கப்டன், தடைதாண்டி ஓட்டக்காரன், 1959இல் ஒக்ஸ்போர்ட் யூனியன் தலைவர். தமையன் ராஜன் கதிர்காமர் அறுபதுகளில் இலங்கைக் கடற்படைத் தளபதி. "ஒரு தமிழன் நேவிக்குக் கொமாண்டர், யோசிச்சுப் பார்" என்பார். நான் யோசித்ததுண்டு, எங்கள் பக்கம் நேவி என்றால் கடலிலிருந்து வருகிற ஷெல்.

பெரியப்பா அடிக்கடி எடுத்துவிடுகிற கதை ஒன்று இருந்தது. 1963இல் தென்வியட்நாமில் பௌத்தர்கள் ஒடுக்கப்பட்டபோது அதை நேரில் விசாரித்து சர்வதேச மன்னிப்புச் சபைக்கு அறிக்கை எழுதியவர் இதே கதிர்காமர். அதன்பிறகு நெடுங்காலம் ஜெனீவாவில், உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தில் உத்தியோகம். 1994இல் சந்திரிகா அழைத்துத் தேசியப் பட்டியலில் எம்.பி. ஆக்கி வெளிநாட்டு அமைச்சைக் கொடுத்தார். அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. அதற்குப் பிறகு மன்னிப்புச் சபை யாழ்ப்பாணத்தில் காணாமற்போனவர்களைப் பற்றி அறிக்கை எழுதியது. அதற்கு உலகத்தின் முன் பதில் சொல்லவேண்டிய கதிரையில் கதிர்காமர் இருந்தார். "மேசையின்ர மற்றப் பக்கத்துக்குப் போட்டார்" என்று பெரியப்பா சிரிப்பார். அது கோபமா மரியாதையா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

வெளிநாட்டு அமைச்சர் என்று பெயர்தான். எங்களுக்கு அவர்தான் மிகக் கிட்டிய அமைச்சர். மற்ற அமைச்சர்கள் றோட்டுப் போடுவார்கள், உரம் கொடுப்பார்கள். அந்த றோட்டும் உரமும் வவுனியாவோடு நின்றுவிடும். இவர் வாஷிங்டனில் வாய் திறந்தால் அது முள்ளியவளைவரை கேட்கும். 2001 பெப்ரவரியில் பிரித்தானியாவும் தடை போட்டது. அவருடைய கொள்கை ஒளிவுமறைவில்லாதது: தான் முதலில் இலங்கையன், நாடு பிரியக் கூடாது, தமிழருக்கு அதிகாரப் பகிர்வு வேண்டும், ஆயுதத்தோடு நிற்பவர்களுக்கு வெளிநாட்டில் ஒரு சதமும் சேரக் கூடாது. சந்திரிகாவின் தீர்வுப் பொதியை ஊரூராக விற்றவர் அவர். பொதி 2000ஆம் ஆண்டு பாராளுமன்றத்தில் கிழிந்து எரிந்தது. தடைகள் மட்டும் நின்றன. வித்த சரக்கில் பாதிதான் வாங்கினவனுக்குப் பிடித்தது போலும்.

1999 டிசம்பரில் வெசாக்கை ஐ.நா. தலைமையகத்தில் கொண்டாட வைக்கும் தீர்மானத்தையும் அவர்தான் முன்னின்று நிறைவேற்றினார். கிறிஸ்தவக் குடும்பத்துத் தமிழர், புத்தருக்கு நியூயோர்க்கில் ஒரு நாள் வாங்கிக் கொடுத்தார். அதற்கு முந்தின மாதந்தான் மடு மாதா கோயிலில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மேல் ஷெல் விழுந்தது. 2019இல் வெசாக் பூரணை சரியாக மே 18 அன்று வந்தது. ஒரே நாளில் பௌத்தர்களுக்கு வெளிச்சக்கூடு, எங்களுக்கு முள்ளிவாய்க்காலில் பத்தாம் ஆண்டுச் சுட்டி விளக்கு. நாட்காட்டிக்கு அரசியல் தெரியாது.

பிறகு சமாதான காலம். ஏ9 பாதை திறந்து பெற்றறி பெட்டி பெட்டியாக வந்தது. நான் சைக்கிளை நிமிர்த்தி ஓடத் தொடங்கினேன். 2004 ஏப்ரலில் கதிர்காமரின் பெயர் பிரதமர் பதவிக்கு அடிபட்டது. மகிந்த ராஜபக்ச பிரதமரானார், இவருக்கு மறுபடியும் வெளிநாடு. "பாத்தியே, ஒக்ஸ்போர்ட் எண்டாலும் ஒரு படி கீழதான்" என்று பெரியப்பா அன்று முழுக்க முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். தன் சொந்தப் பிள்ளைக்கு உத்தியோகம் தவறினதுபோல.

அந்த வருஷம் டிசம்பர் 26இல் கடல் வந்தது. முல்லைத்தீவுக் கரையில் தப்பியவர்கள் ஈரத்தோடு எங்கள் ஊருக்கு ஏறி வந்தார்கள். வித்தியானந்தாக் கல்லூரி வகுப்பறைகளில் வாங்குகளை வெளியே எடுத்து பாய் விரித்தோம். நான் சோற்றுப் பார்சல் கட்டினேன். இரண்டாவது கிழமையில் ஒரு கதை பரவியது: ஐ.நா. பொதுச் செயலாளர் கோபி அனான் வருகிறாராம். வளவு கூட்டினோம். ஒருவர் வெள்ளைத் துணியில் வரவேற்பு எழுதினார். ஒரு தாய் தன்னுடைய மூன்று பிள்ளைகளின் படத்தை, கடலில் ஊறி விளிம்பு சுருண்ட ஒரேயொரு படத்தை, பொலித்தீன் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றா. காட்டவேண்டுமாம்.

அனான் அம்பாந்தோட்டைக்குப் போனார், திருகோணமலைக்குப் போனார். முல்லைத்தீவுக்குப் போக அரசு அனுமதிக்கவில்லை. எல்லா இடமும் பார்க்க மறுபடி வர விருப்பம் என்று சொல்லிவிட்டுப் பிளேன் ஏறினார். மத்தியானம் திரும்பும்வரை அந்த அம்மா வாசலை விட்டு அசையவில்லை. துணியை நாங்கள் பிறகு குழந்தைகளுக்கு ஏணை கட்டக் கொடுத்தோம்.

பேரழிவு பகையைத் தணித்த இடங்களும் உண்டு. 1999இல் துருக்கியிலும் ஏதென்ஸிலும் அடுத்தடுத்து நிலம் நடுங்கியபோது, கிரேக்க வெளிநாட்டு அமைச்சர் ஜோர்ஜ் பப்பாண்ட்ரூவும் துருக்கி அமைச்சர் இஸ்மாயில் ஜெமும் அந்த இடிபாட்டின் மேல் நின்றே இரண்டு நாட்டுப் பகையைக் கொஞ்சம் தணித்தார்கள். எங்களைத் தின்ற அதே கடல்தான் இந்தோனேசியாவின் அச்சேயையும் தின்றது. அங்கே அரசும் கிளர்ச்சியாளர்களும் 2005 ஓகஸ்ட் 15இல் ஹெல்சிங்கியில் சமாதானம் கையெழுத்திட்டார்கள். எங்கள் பக்கம் ஜூனில் அரசும் புலிகளும் நிவாரணப் பொதுக் கட்டமைப்பு ஒன்றில் ஒப்பமிட்டார்கள். ஜூலையில் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பாகங்களை நிறுத்திவைத்தது. ஓகஸ்ட் 12 இரவு கொழும்பில் தன் வீட்டு நீச்சல் தடாகத்தில் நீந்தி ஏறிய கதிர்காமரை அயல்வீட்டு மேல்மாடியிலிருந்து குறிபார்த்துச் சுட்டார்கள். ஹெல்சிங்கிக்கு மூன்று நாள் முந்தி.

புலிகள் மறுத்தார்கள். ஊரில் ஒருவரும் ஆர் சுட்டது என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு எல்லாருக்கும் விடை தெரிந்திருந்தது. பெரியப்பா மட்டும் அன்றைக்குத் தமிழோசை கேட்கவில்லை. புதுப் பெற்றறி போட்ட றேடியோ மேசையில் கிடந்தது.

ஒன்றை நான் சொல்லியே ஆகவேண்டும். புலிகளின் சிறுவர் படைச்சேர்ப்பைப் பற்றி கதிர்காமர் மேடை மேடையாகப் பேசினார். 1998 மே மாதம் ஐ.நா.வின் ஒலாரா ஒட்டுனு வன்னிக்கே வந்து உறுதிமொழி வாங்கிப் போனார். அப்போது நான் டைனமோ சுற்றிக்கொண்டு, "இவருக்கு எங்கட பிள்ளையளில திடீரெண்டு என்ன கரிசனை" என்று நக்கலடித்தவன். பத்து வருஷம் கழித்து, வீட்டுக்கு ஒருவர் என்று படலையைத் தட்டியபோது, பக்கத்து வீட்டுப் பதினாறு வயதுப் பிள்ளையை எங்கள் நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, மேலே சாக்கை இழுத்துப் போட்டதும் நான்தான். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து அவள் தும்மிவிடக் கூடாதே என்று காட்டா விநாயகரைக் கும்பிட்ட அந்த நேரத்தில் அவருடைய ஆங்கிலம் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

2009 பெப்ரவரியில் வெளியே வந்தோம். பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, பதிந்து, கொட்டிலைக் காட்டியபோதுதான் பெயர்ப்பலகையைக் கண்டேன். முகாம்களுக்கு அப்படிப் பெயர் வைத்திருந்தார்கள்: கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். எந்த அரசும் தமிழ்ப் பெரியவர்களை இவ்வளவு விஸ்தாரமாகக் கௌரவித்ததில்லை. ஒவ்வொருவர் பெயரிலும் ஆயிரமாயிரம் பேர், சுற்றிவர முள்ளுக்கம்பி. சொந்தங்களைத் தேடுகிறவர்கள் கம்பிக்கு இப்பாலும் அப்பாலும் நின்று கூப்பிடுவார்கள்.

"அண்ணை, நீங்கள் இராமநாதனோ?"

"இல்லை, நாங்கள் கதிர்காமர். மச்சாள் ஆக்கள் அருணாசலம்."

தண்ணி பவுசர் வரும் நேரம் கதிர்காமரில் காலை. கான்களை இரவே வரிசையில் வைத்துவிட வேண்டும். கானில் பெயின்றால் பெயர் எழுதியிருக்கும். தங்கச்சியின் மகனுக்கு அப்போது ஆறு வயது. எங்களுடைய கானுக்கு மேல் ஏறிக் குந்தியிருப்பது அவன் வேலை. மே 23 அன்று பான் கி மூன் வந்தார். முல்லைத்தீவுக்கு வர முடியாமற்போன ஐ.நா. பொதுச் செயலாளருக்குப் பதில், அவருக்கு அடுத்தவர் பார்க்க வசதியாக முல்லைத்தீவையே மெனிக் பாமுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஹெலிகொப்டர் சத்தத்துக்குச் சிறுவர்கள் வழமைபோல நிலத்தில் படுத்தார்கள்.

பெரியப்பா அங்கேதான் காலமானார். தறப்பாள் நிழலில், இருமலுக்கு நடுவில், "ஒரு நாளும் காணாத மனிசன்ர வீட்டில வந்து கிடக்கிறம்" என்று சொல்லிச் சிரித்தார். மரண விசாரணைத் தாளில் இறந்த இடம் என்று கதிர்காமரின் பெயரைத்தான் எழுதினார்கள்.

கொமினிகேசன் பெடியன் மொனராகலையை அழித்து வவுனியா மாவட்டம் என்று மாற்றினான். ருமேனியா போகிறவனுக்கு அங்கே என்ன ஞாபகம் என்று கேட்டேன். "மஞ்சள் கான்" என்றான்.

"எத்தினையாம் திகதி மட்டும் இருந்தனீங்கள் மாமா?"

எனக்கு நினைவில்லை. தங்கச்சிக்குக் கோல் எடுத்தேன். அடுப்படியில் நின்றாள் போல, தாளிக்கிற சத்தம் கேட்டது.

"எந்தத் திகதி அண்ணை வேணும்? பாஸோட வெளியில போக விட்டதோ, இல்லாட்டி ஊருக்குக் கொண்டுவந்து விட்டதோ?"

பெட்டியில் ஒரு திகதிக்குத்தான் இடம் இருந்தது.