நான் சொன்னனெண்டு சொல்லுங்க

கழுத்துக்குப் பின்னால் தோல் உரிகிறது. போன சனிக்கிழமை வெயில் அது. கற்றாழை பூசிவிட்டுக்கொண்டே, "காசு குடுத்து வெயில் வாங்கின ஆள் இந்த மட்டக்களப்பில நீங்க ஒராள்தான்" என்றாள் மனைவி. கணக்குப் பிழை. இரண்டு பேர். மற்றவர் என் தங்கச்சியின் புருசன். புளோரிடாவிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்தவர்.

அன்றைக்குக் கரையேறும்போது தோணிக்காரத் தம்பி ஒரு விசயம் சொன்னான். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முதல் நாங்கள் அந்தத் தோணியில் ஏறிய கதையைச் சொல்லிவிடுகிறேன். சின்னக் கதைதான்.

மச்சானுக்கு அங்கே மீன்பிடி ஒரு வருத்தம் மாதிரி. அதிலும் ஒரே ஒரு மீன்மேல்தான் கண். சீப்ஸ்ஹெட் என்று பெயர். ஆட்டுத்தலை மீன் என்று நாங்கள் வைத்துக்கொள்வோம். மறியல்காரன் சட்டை மாதிரி உடம்பில் கறுப்புப் பட்டைகள். வாயைத் திறந்தால் மனிசப் பல். முன்வரிசை, பின்வரிசை, கடைவாய் என்று ஒன்றும் குறையில்லை. பாலத் தூண்களில் ஒட்டியிருக்கிற சிப்பியையும் நண்டையும் ஓட்டோடு நொறுக்கித் தின்னுமாம். அவருடைய போனில் பிள்ளைகளின் படத்தைவிட அந்த வாயின் படங்கள்தான் அதிகம். என் மனைவி ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எங்கட பெரியப்பாட கட்டுப்பல்" என்றாள்.

இந்தச் சாதியில் பிடிபட்டதில் பெரியது 1982இல் நியூ ஓர்லியன்ஸில், 21 இறாத்தல் 4 அவுன்ஸ் என்று மச்சான் ஒப்பித்தார். சங்கக்காரவின் ஓட்டங்களைச் சொல்கிறவர்கள் அந்தத் தோரணையில்தான் சொல்வார்கள். நியூ ஓர்லியன்ஸ் என்றதும் எனக்கும் ஒரு பிடி கிடைத்தது. "எங்கட சென் மைக்கேல்ஸ் கல்லூரிக்கு வந்த யேசு சபைப் பாதர்மார் அந்தப் பக்கத்து ஆக்கள்தானே!" என்றேன். 1940களின் பிற்பாதியிலிருந்து அவர்கள் வந்தார்கள். கூடைப்பந்தையும் கொண்டுவந்தார்கள். மீனைக் கொண்டுவரவில்லை. அது அத்திலாந்திக் கரையை விட்டு வராத மீன்.

"அது இல்லாட்டிப் பரவாயில்ல மச்சான். அந்தக் குடும்பத்து மீன் இந்து சமுத்திரத்திலயும் இருக்கு. வாவிக்குள்ள, பாலத்துக்குக் கீழ, ஒரு கைட்டோட அரை நாள் போவம். புக் பண்ணுங்க."

அங்கே எப்படி என்றும் சொன்னார். போனில் திகதியைத் தொட்டு, அட்டையில் காசு கட்டினால் முடிந்தது. விடியற்காலை ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு மனிசன் படகோடு நிற்பான். அனுமதிப்பத்திரம் அவனுடையதே போதும். பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறைந்தால் மீனைத் திருப்பி விடவேண்டும். மிஞ்சியதை அவனே வெட்டித் துப்புரவாக்கித் தருவான். மனைவி இந்தக் கடைசி விசயத்தை மட்டும் இரண்டாம் தரம் சொல்லச் சொன்னாள்.

"புக் பண்ணுறது பெரிய வேலையா? நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கு" என்றேன்.

சொன்னபோது எனக்கு யாரையும் தெரியாது. அது ஒரு பொருட்டில்லை. தெரிந்த ஆள் இல்லை என்று வாய்விட்டுச் சொல்கிற மட்டக்களப்பானை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் கல்லடி வீட்டுக் கேற்றிலிருந்து வாவிக்கரைக்கு நாலு நிமிச நடை. எந்த நேரம் போனாலும் நாலைந்து தோணி கிடக்கும். பக்கத்தில் யாராவது வலை தைத்துக்கொண்டு இருப்பார்கள். "தோணி வருமா? எவ்வளவு?" என்று நேரே கேட்கலாம். யார் கேட்பது? வழியில் போகிற வெள்ளைக்காரன் கேட்பான். தெரிந்த ஆள் இல்லாமல் நேரே போய்க் கேட்டால் விலை கூடும், மரியாதை குறையும், அதோடு "ஏன் என்னட்டச் சொல்லல்ல?" என்று நாலு பேர் கோபிப்பார்கள். கிளினிக்கில் நம்பர் எடுக்கத் தெரிந்த ஆள். பாஸ்போர்ட்டுக்குப் பத்தரமுல்லையில் தெரிந்த ஆள். ரயிலில் யன்னல் சீற்றுக்குத் தெரிந்த ஆள். கோயில் அன்னதானத்தில் பந்திக்கு முந்தவும் ஒரு தெரிந்த ஆள். 2022இல் காஸ் இல்லாத காலத்தில், எனக்குத் தெரிந்த ஆள் கடையின் பின்கதவுக்கு வரச்சொன்னார். போனேன். எல்லாருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. பின்கதவு வரிசை மதிலைச் சுற்றி வந்து முன்கதவு வரிசையில் முட்டி நின்றது. முன்னுக்கு நின்றவர்கள், எவரையும் தெரியாத அந்த அநாதைகள், எனக்கு முதலே சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார்கள். அதில் நான் ஏதாவது பாடம் படித்தேனா? அடுத்த தரத்துக்கு வேறு தெரிந்த ஆளைத் தேடினேன்.

ஆகவே தோணிக்கும் அப்படியே. முதலில் என்னோடு படிப்பித்த மாஸ்டர் ஒருவருக்கு எடுத்தேன். "தோணியா? நம்மட ஆள் இருக்கு. பொறுங்க" என்றார். அவருடைய ஆள் களுவாஞ்சிக்குடியில் கந்தோர் ஒன்றில் வேலை. "நான் சொன்னனெண்டு சொல்லுங்க" என்றார் மாஸ்டர். சொன்னேன். களுவாஞ்சிக்குடிக்காரர் மாஸ்டரின் சுகத்தை விசாரித்தார், மாஸ்டரின் மகளின் சுகத்தை விசாரித்தார், அந்தப் பிள்ளைக்குப் பேசிய சம்பந்தம் ஏன் குழம்பியது என்று எனக்குச் சொன்னார். பிறகு, "நமக்குக் கொக்கட்டிச்சோலையில ஒராள் இருக்கு. அட்வான்ஸ் மூவாயிரம் என்ட கணக்குக்குப் போடுங்க, நான் குடுத்திருவன்" என்றார். இந்த மூவாயிரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொக்கட்டிச்சோலை வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்திராவிட்டால் என் விண்ணப்பம் மிதவைப் பாதையில் ஏறித்தான் தண்ணி கடந்திருக்கும். கொக்கட்டிச்சோலைக்காரர் வயலுக்குள் நின்றார். பின்னால் உழவு மெசின் சத்தம். நான் "தோணி" என்றது அவருக்கு "ஆணி" என்று கேட்டிருக்கிறது. எத்தனை இறாத்தல் என்றார். விளங்கப்படுத்தியதும், "அதுக்கு வாழைச்சேனையில வலைக்கடை வச்சிருக்கிற நம்மட ஆள்தான் சரி. நான் சொன்னனெண்டு சொல்லுங்க" என்றார். வாழைச்சேனைக்காரரிடம், கொக்கட்டிச்சோலைக்காரர் சொன்னாரென்றேன். "ஆரு?" என்றார். களுவாஞ்சிக்குடிக்காரர் சொன்னாரென்றேன். "ஆரு?" என்றார். கடைசியாக வெட்கத்தை விட்டு மாஸ்டரின் பெயரைச் சொன்னேன். "அட, அவர் எனக்குக் கணக்குப் படிப்பிச்சவரல்லவா! நேரே எனக்கு எடுத்திருக்கலாமே!" என்றார்.

எங்கள் வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம் என்பார்கள். என் விண்ணப்பம் அதைவிடக் கூட ஓடியிருக்கும். தெற்கே களுவாஞ்சிக்குடி, மேற்கே தண்ணி கடந்து படுவான்கரை, வடக்கே வாழைச்சேனை, அங்கிருந்து கிறுகிப் பாலமீன்மடுவில் ஓட்டோ ஓடுகிற ஒரு பெடியன். வெளிச்சவீட்டடியில் ஓட்டோவை நிப்பாட்டிவிட்டு அவன் நம்பரை அனுப்பினான். என் போனில் அழுத்தினேன். அந்த நம்பர் ஏற்கெனவே என் போனில் இருந்தது. "இறால் தம்பி" என்று.

எங்கள் வீட்டுக் கேற்றடிக்கு ஒன்றுவிட்ட ஒருநாள் இறால் கொண்டுவருகிற தம்பிதான். அன்று காலையிலும் வந்தவன். மனைவி நூறு ரூபாய் குறைத்து வாங்கியவள்.

"என்ன சேர், நேரே சொல்லியிருக்கலாமே" என்றான்.

"தெரியாதே மனே, நீ தோணி விடுறதெண்டு."

"இறால் பின்ன எங்கருந்து வருது சேர்?"

நான் பேச்சை மாற்றினேன். பன்னிரண்டாயிரம் என்றான். ஏன் இவ்வளவு என்றேன். இடையில் நிற்கிறவர்களுக்கும் பார்க்கவேண்டுமே என்றான். இடையில் நின்றவர்களை வரிசையாக நிப்பாட்டியவன் நானல்லவா, வாய் அடைத்துவிட்டது. கைட்டுக்கு வேறாக மூவாயிரம். "நீயே கைட்தானே?" என்றேன். "நான் தோணி சேர். கைட் வேற."

கைட் வந்தார். ஆறு மணிக்கென்று சொல்லி ஒன்பதேகாலுக்கு வந்தார். இருபத்திரண்டு வயசிருக்கும். கறுப்புக் கண்ணாடி, சுற்றுலாப் பயிற்சி முடித்த சான்றிதழின் படம் போனில். எங்களுக்கு ஆளுக்கொரு செம்மஞ்சள் மிதவை அங்கியை மாட்டிவிட்டார். எனக்கு வந்ததில் போன பயணத்து ஆளின் வேர்வை மணம். பிறகு ஆங்கிலத்தில் வாவியை எனக்கு அறிமுகம் செய்யத் தொடங்கினார். திஸ் இஸ் கல்லடி பிரிட்ஜ். திஸ் இஸ் மேன்குரோவ். "தம்பி, நான் இந்தத் தண்ணிக்குள்ளதான் நீந்தப் பழகின ஆள்" என்றேன். "வெரி நைஸ் சேர்" என்றார். விட்டுவிட்டேன். மூவாயிரத்துக்கு அவரும் எதையாவது சொல்லவேண்டும்.

பாடும் மீனைப் பற்றி மச்சான் கேட்டார். அது பூரணை இரவில்தான், அது வேறு பக்கேஜ் என்றார் கைட். சவளின் ஒரு முனையைத் தண்ணிக்குள் விட்டு மறு முனையைக் காதில் வைத்துக் கேட்பதற்கும் பக்கேஜ் வந்துவிட்டது. எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1848இல் இங்கே வந்து, இரவில் வாவிக்குள் அந்த ஓசையைக் கேட்டு, பிறகு தன் இலங்கைப் புத்தகத்தில் எழுதிவைத்தார். மீன்பிடிகாரர்கள் அவருக்கு அது மீனென்று சொல்லவில்லை, ஊரிச் சங்கு என்றுதான் சொன்னார்கள். நாங்கள் மீன்பாடும் தேன்நாடு என்று ஊர் முழுக்க எழுதிவைத்திருக்கிறோம். ஊரி பாடும் தேன்நாடு என்று எழுதினால் எந்தக் கைட் மூவாயிரம் கேட்பான்? இதை மச்சானுக்கு நான் சொன்னேன். கைட் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பழைய பாலத்தடியில் தோணியைக் கட்டினோம். 1920களில் வெள்ளைக்காரன் போட்ட இரும்புப் பாலம். 2013இல் பக்கத்தில் புதியது வந்தபிறகு இதற்குப் பாரமில்லை, மேலே நின்று வாய் பார்க்கிறவர்களின் பாரம்தான். தூணில் சிப்பி அப்பியிருந்தது. மச்சானின் கண் மின்னியது. இறாலைக் கொளுவி இறக்கினார். எனக்கு ஒரு தூண்டில் தந்தார்கள். முள்ளில் இறாலைக் கொளுவத் தெரியாமல் என் பெருவிரலைக் கொளுவினேன். தண்ணிக்குள் நீந்தப் பழகின ஆள்.

பத்தரையளவில் மச்சானின் தங்கூசி விறைத்தது. "பல்லுக்காரன்! கடிக்கிறான், பாருங்க!" என்று கத்தினார். சுற்றி எடுத்தார். வந்தது பேத்தை. உள்ளங்கை அளவு. தோணிக்குள் விழுந்ததும் காற்றை இழுத்து இழுத்து ஊதியது. முள்ளு முள்ளாக உருண்டு டெனிஸ் பந்தாகி, கண்ணை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு கரகரவென்றது. முன்பல் கிளிச்சொண்டு மாதிரி. அதால் நைலோனை நறுக்கென்று கடித்து, முள்ளையும் விழுங்கிவிட்டது.

கைட் குனிந்து பார்த்தார். "பல் இருக்குத்தானே சேர். நீங்க கேட்ட குடும்பம் இதுதான்" என்றார்.

குடும்பமுமில்லை, தூரத்து உறவுமில்லை. தின்றால் ஆளைக் கொல்லும். பாலத்துக்கு மேலே நின்ற சனம் கைதட்டியது. "என்னகா பட்டது?" என்று ஒரு கிழவர் கேட்டார். நாங்கள் சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்தில் ஒரு பெடியன், பால்மா ரின்னில் சுற்றிய தங்கூசியை எறிந்துவிட்டு, சொன்னால் நம்பமாட்டீர்கள், முழங்கை நீளக் கொடுவா ஒன்றை எங்கள் தலைக்கு மேலாலேயே தூக்கிக்கொண்டு போனான். தண்ணி என் மூக்குக்கண்ணாடியில் சொட்டியது. அவன் யாருக்கும் போன் எடுக்கவில்லை. அவனுக்கு அட்வான்ஸ் இல்லை, கைட் இல்லை, மணக்கிற அங்கி இல்லை. எனக்கு உண்மையில் எரிச்சல் வந்தது, பெடியன்மேல் இல்லை. என் அப்பா பின்னேரத்தில் அத்தாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு இதே கரைக்கு இறங்கி, இரவுக் கறிக்கு இறாலோடு வருவார். அவருக்கு ஒரு தெரிந்த ஆளும் தேவைப்படவில்லை. நான் பன்னிரண்டாயிரமும் மூவாயிரமும் கொடுத்து, என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தண்ணிக்குள் சுற்றுலாப் பயணியாகக் குந்தியிருக்கிறேன். கரையோரத்தில் சொப்பின் பைகள் மிதந்தன. "திஸ் இஸ்…" என்று தொடங்கிய கைட், அதை மட்டும் விட்டுவிட்டார்.

ஒரு மணிக்குக் கரை தட்டியது. தம்பி சவளைத் தோணிக்குள் போட்டுவிட்டு, அங்கியைக் கழற்றுகிற என்னைப் பார்த்துச் சிரித்தான். "சேர், ஒண்டு சொல்லட்டா?" என்றான். சொன்னான். அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் அதற்கு முதல் அவன், "பன்னிரண்டு முழுசாத் தாங்க, அட்வான்ஸ் ஒண்டும் என்ட கைக்கு வரல்ல" என்றும் சொன்னான். என் மூளை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

மூவாயிரம் களுவாஞ்சிக்குடிக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. இரண்டு தரம் போன் எடுத்தேன். மாஸ்டரின் மகளுக்குப் புதுச் சம்பந்தம் வந்திருப்பதாகச் சொன்னார், காசைப் பற்றிச் சொல்லவில்லை. நேரே எப்படிக் கேட்பது? அவர் தெரிந்த ஆள். இப்படியான காசை முகம் முறியாமல் கேட்டு வாங்க அவருக்குத் தெரிந்த ஆள் யாராவது இடையில் வேண்டும். களுவாஞ்சிக்குடிப் பக்கம் உங்களுக்கு யாரையாவது தெரியுமென்றால் ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள். நான் சொன்னேனென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.