லைசென்ஸ் சார்

ஓசூர் சிப்காட் வளாகங்களிலும் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையோரத் தொழிற்கூடங்களிலும் காணப்படும் மனித வகைகளுள், ஆய்வாளர்களின் கண்ணிலிருந்து நெடுங்காலமாகத் தப்பி வருபவர், அலுவலக வழக்கில் ‘லைசென்ஸ் சார்’ எனப்படுபவர் ஆவார். 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் ஓசூரில் தொழில்மனைகளை வகுக்க, அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் முதலிய பெரிய ஆலைகள் அங்கே வேரூன்றியபின், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறிய, நடுத்தர ஆலைகள் பெருகின; அவ்வாலைகளில் வரைபலகைகள் போய்க் கணினிகள் வந்தபோது, அக்கணினிகளுக்குள் இருப்பவற்றுக்குக் கணக்கு கேட்க ஒருவர் தேவைப்பட்டார். அன்று முதல் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மென்பொருளைப் பொதுவாக எவரும் முழு உடைமையாக வாங்குவதில்லை. குறிப்பிட்ட நிபந்தனைகளுக்குட்பட்டு அதைப் பயன்படுத்தும் அனுமதியையே வாங்குகின்றனர், அதுவே உரிமம். நாற்காலி முதல் சி.என்.சி. எந்திரம் வரை நிறுவனத்தின் ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டு, அது எங்கே, யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று குறித்துவைக்கும் கணினிப் பதிவேடு அசெட் ரிஜிஸ்டர். நாற்காலிக்கு ஒட்டுத்தாள் ஒட்டிவிடலாம். அனுமதிக்கு எங்கே ஒட்டுவது என்பதற்கு விடை காணாமலே லைசென்ஸ் சாரின் தலைமுடி நரைக்கிறது.

அவரது வாழ்நாளில் பெரும்பகுதியை விழுங்குவது தொகுப்பு உரிமம். பல மென்பொருள்களை ஒன்றாகக் கட்டி ஒரே விலைக்கு, ஒரே உரிமமாக விற்பதை ‘பண்டில்’ என்பர். வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட் முதலியன அடங்கிய மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் எவரும் அறிந்த சான்று. வாங்கியது ஒன்று, கணினியில் இறங்குவதோ ஐந்தாறு. வலைப்பின்னலில் உள்ள கணினிகளை இரவெல்லாம் துழாவி, எதெது நிறுவப்பட்டிருக்கிறது என்று பட்டியலிடும் கருவி, வேர்டையும் எக்செலையும் தனித்தனியே கண்டுபிடித்து, இரண்டுக்கும் உரிமமில்லை என்று சிவப்பில் எழுதும். கீழேயே, காசு கொடுத்து வாங்கிய தொகுப்பை ஒருவரும் பயன்படுத்தவில்லை என்று மஞ்சளில் எழுதும். பொழுது விடியும்போது நிறுவனம் திருடனாகவும் ஊதாரியாகவும் ஒருசேர ஆகியிருக்கும். இதைத் தீர்க்க, தொகுப்பைத் தாய்ப் பதிவாகவும் அதன் உறுப்புகளைச் சேய்ப் பதிவுகளாகவும் பிணைத்து, எத்தனை உறுப்பு இருந்தாலும் ஒரு கணினிக்கு ஓர் உரிமமே கழியும்படி செய்ய வேண்டும். லைசென்ஸ் சார் அதைச் செய்கிறார். அடுத்த பதிப்பு வந்து உறுப்பின் பெயர் மாறியதும், மறுபடி செய்கிறார்.

எந்திரத்துக்கு ஒருவாறு புரியவைத்துவிடலாம். கொள்முதல் மேலாளருக்கு அது இயலாது. “ஸ்டோர்ஸுக்கு வேர்டு மட்டும் போதும், டிஸ்பேட்சுக்கு எக்செல் மட்டும் போதும், ஒண்ணு வாங்கி ரெண்டாப் பிரிச்சுக் குடுத்துடுங்க சார்” என்பது அவரது சிக்கன யோசனை. லைசென்ஸ் சார் அப்போது எடுத்துக்காட்டுவது குடும்ப அட்டையை: அட்டையில் பெயருள்ள எல்லோருக்கும் அரிசி உண்டு, ஆனால் தனிக்குடித்தனம் போன மகன் அதே அட்டையின் நகலை வைத்துக்கொண்டு வேறு கடையில் வரிசையில் நிற்க முடியாது. மேலாளர் தலையசைப்பார். அடுத்த ஆண்டும் அதே யோசனையோடு வருவார்.

கணினியோடு சேர்ந்தே வரும் உரிமம் வேறொரு தொல்லை. தயாரிப்பாளர் முன்னதாகவே நிறுவித் தரும் விண்டோஸின் உரிமம் ஓ.இ.எம். உரிமம் எனப்படும்; அது அந்தக் கணினியோடு பிறந்து அதனோடே மடிவது, வேறொன்றுக்கு மாற்றத்தக்கதன்று. தாய்ப்பலகை பழுதாகி அதற்கு ஈடாக வேறு பலகை வைத்தால் உரிமம் நிலைக்கும். கூடுதல் வேகத்துக்காக மாற்றினாலோ அது புதுக் கணினியாகக் கருதப்படும். ஆகவே பழுது பார்க்க வருவோரை அவர், “போர்டு தானாப் போச்சா, நீங்களா மாத்துனீங்களா?” என்று காவல் நிலைய எழுத்தரின் குரலில் விசாரிக்க நேர்கிறது. பெங்களூரு எஸ்.பி. சாலையில் உதிரிகளாக வாங்கிக் கோத்த கணினிகளைக் கண்டாலோ அவருக்கு இரத்த அழுத்தம் ஏறும். மொத்த உரிமத் திட்டத்தில் கிடைக்கும் விண்டோஸ், ஏற்கெனவே உரிமமுள்ள ஒன்றை மேம்படுத்துவதற்கு மட்டுமே உதவும் என்பதால், அடிப்படை உரிமமற்ற அக்கணினிகளுக்கு அதை எத்தனை வாங்கினாலும் கணக்கு நேராகாது.

எல்லைப்புற வாழ்வு இதற்கு மேலும் சுவை கூட்டுகிறது. விற்பனையாளரிடம் கன்னடமும் தொழிற்கூடத்தில் தெலுங்கும் கணக்குப் பிரிவில் தமிழும் தடையின்றிப் பேசும் லைசென்ஸ் சாருக்கு, உரிம ஒப்பந்தம் இம்மூன்றில் எதிலும் விளங்குவதில்லை. பெங்களூரு விற்பனையாளரின் பட்டியலில் மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்றும், சென்னை விற்பனையாளரின் பட்டியலில் மத்திய, மாநில வரிகள் ஒன்பது ஒன்பதாகவும் வர, மொத்தம் ஒன்றே என்று கணக்கரிடம் மெய்ப்பிக்க அவர் ஒரு பிற்பகலைச் செலவிடுவார். சில வடிவமைப்பு மென்பொருள்களை ஒப்பந்தத்தில் குறித்த வளாகத்துக்குள் மட்டுமே பயன்படுத்தலாம். உரிமம் வழங்கும் சர்வர் கர்நாடகத்துப் பொம்மசந்திராவில் இருக்க, பொறியாளரோ மடிக்கணினியோடு கம்பெனி பஸ்ஸில் அத்திப்பள்ளியைத் தாண்டித் தமிழ்நாட்டு ஜூஜுவாடிக்குள் நுழைந்துவிடுகிறார். சரக்கு லாரிகளை மறித்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் 2017இல் சரக்கு-சேவை வரியோடு போய்விட்டன என்றாலும், லைசென்ஸ் சாரின் மனத்தில் இன்னும் ஒன்று இயங்குகிறது.

வடிவமைப்பு மென்பொருள் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016இல் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியபின், ஒரே வரைவுப் பிரிவில் என்றென்றைக்குமான உரிமமும் ஆண்டுக்கொருமுறை இறந்து பிறக்கும் உரிமமும் அருகருகே வாழ்கின்றன. சந்தாவில் ‘இருக்கை’ எனப்படும் ஒவ்வோர் உரிமமும் ஒரு தனிமனிதர் பெயரில் ஒதுக்கப்படுவது. வேலையை விட்டுப் பெங்களூரு செல்லும் பொறியாளருக்கு எல்லோரும் கேக் வெட்டும்போது, அவர் பெயரிலுள்ள இருக்கை விடுவிக்கப்பட்டதா என்று கேட்கும் ஒரே மனிதர் இவர்தான். இக்குணத்தைக் கல்நெஞ்சம் என்போர் சந்தாவின் விலையை அறியாதவர்.

மார்ச் மாதம் தணிக்கையாளர் வருவார். இந்தியக் கணக்கியல் தரநிலை 38இன்படி, இயங்குதளம்போல் கணினியின் பிரிக்கவியலாக் கூறாக இருக்கும் மென்பொருள் கணினியோடு சேர்ந்த தொட்டுணரும் சொத்து. மற்றவை தொட்டுணரவியலாச் சொத்து. கணக்குப் பிரிவின் ஏட்டில் முழுத் தொகுப்பும் “மென்பொருள், எண்ணிக்கை 1” என ஒரே வரியில் அடங்கியிருக்க, லைசென்ஸ் சாரின் பதிவேட்டில் அது பக்கம் பக்கமாக விரியும். இரண்டும் எந்த ஆண்டும் பொருந்தியதில்லை, பொருந்திவிட்டால் இருவருக்கும் ஐயம் வந்துவிடும். “அந்த ஒன்றைக் கண்ணில் காட்டுங்கள்” என்று தணிக்கையாளர் கேட்க, லைசென்ஸ் சார் ஒரு மின்னஞ்சலை அச்சிட்டுக் கொடுப்பார். அது நெகிழியுறையில் இடப்பட்டு இரும்புப் பீரோவுக்குப் போகும்.

இவரை நகைப்போர் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 1984இன் திருத்தத்தால் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் வரிசையில் சேர்த்தது; கவிதைக்குக் கிடைக்கும் காப்பு சம்பளப் பட்டியல் போடும் நிரலுக்கும் உண்டு. அவ்வகையில், ஓசூரில் இலக்கியத்தை இவ்வளவு அக்கறையோடு எண்ணிப் பார்ப்பவர் வேறெவருமில்லை. திருட்டு நகல் என்று தெரிந்தே அதைக் கணினியில் பயன்படுத்துவோருக்கு 63பி பிரிவு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக ஆதாயத்துக்காக அல்லாத நிலையில் மட்டும் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். ஆதாயத்துக்காகவன்றித் தொழிற்சாலை நடத்துவோர் ஓசூரில் இல்லை. ஆகவே, நண்பர் கொடுத்த பென் டிரைவோடு அலுவலகம் வரும் இளம் பொறியாளர்கள், அதைக் கணினியில் செருகுமுன் ஒருமுறை லைசென்ஸ் சாரைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.