எச்.பி. ஐயா

தோட்டத்தில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்று, ஈ.பி.எப். காசில் கொட்டகலையிலோ தலவாக்கலையிலோ வீடு கட்டும் ஐயாமாரில் ஒரு வகை உண்டு. வீடு முடிந்த கையோடு வாசலில் மீன்தொட்டி, அதன் நடுவில் நீரூற்று. துரை பங்களா கேட்டுக்கு வெளியே நின்று முப்பது வருஷம் பார்த்த ஆசை அது. பம்ப் இல்லாமலே இரவும் பகலும் கொட்டிய லயத்துப் பீலியில் குளித்து வளர்ந்தவர்தான். ஆனால் பீலிக்கு ஸ்விட்ச் கிடையாதே!

தொட்டி 6 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். பெருக்கினால் 36 கன அடி. சுமார் 1000 லீட்டர். அவ்வளவும் மணிக்கு ஒரு தடவை சுற்றி வந்தால் மீனுக்குத் தாராளம்.

பம்ப் வாங்கப் போனால், ஹாட்வெயார் கடைப் பையன் பொறுமையாகத்தான் தொடங்குவான்.

"ஐயா, பெட்டியில போட்டிருக்கிற லீட்டர் கணக்கு, தண்ணி மேல ஏறாம ஓடுறப்ப வாறது. ஏற ஏறக் குறையும். பக்கத்துல போட்டிருக்கிற உயரம் வரைக்கும் ஏத்தினா, அங்க சொட்டுத் தண்ணியும் வராது. உங்களுக்கு எவ்வளவு உயரம்னு..."

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. எத்தன எச்.பி.?"

"இதுக்கு எச்.பி. இல்லங்க ஐயா. 25 வாட்ஸ்."

"நான் பல்ப் வாங்க வரல."

கடைசியில் கிணற்றுத் தண்ணீரை மாடிக்கு ஏற்றும் 1 எச்.பி. பம்ப் வீட்டுக்கு வரும். அதாவது 746 வாட்ஸ். தேயிலை இஸ்டோரில் இதே மனுசன் கொழுந்தை ஒரு பிடி கசக்கி மோந்தே வாட்டம் சொன்னவர். சூடு ஒரு புள்ளி கூடினால் தூள் கருகிப்போச்சென்று குதித்தவர்.

ஊற்று எழும் உயரம், அது நிற்கும் இடத்திலிருந்து தொட்டி ஓரத்துக்குள்ள தூரத்தை மிஞ்சக் கூடாது. நாலடித் தொட்டிக்கு 2 அடி. ஐயாவின் ஊற்று கூரையைத் தாண்டும். அங்கிருந்து மலைக்காற்று பொறுப்பெடுத்துக்கொள்ளும்.

"ஐயா, காயப்போட்ட உடுப்பை எடுத்துக்கட்டுங்களா?" என்பார் பக்கத்து வீட்டம்மா.

"எடுத்துக்கங்கம்மா. பிரஷர் அப்பிடி."

தொட்டி வற்றிக்கொண்டே போகும். மீன்கள் மூலையில் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நிற்கும்.

தலவாக்கலையில் செயின்ட் கிளேயர் அருவிக்குப் போக வேண்டிய தண்ணீரை 2012 முதல் மேல் கொத்மலைத் திட்டம் சுரங்கத்தில் திருப்பி மின்சாரமாக்குகிறது. ஐயா அந்த மின்சாரத்தை வாசலில் திரும்ப அருவியாக்குகிறார். கணக்கு நேராகிவிட்டதென்று அவர் நினைக்கும்போது கரண்ட் பில் வரும்.

அதன்பின் ஊற்று விருந்தாளிக்கு மட்டும். கேட் சத்தம் கேட்டதும் ஸ்விட்சைத் தட்டுவார். வந்தவர், நம்மூர் மழைதானே என்று குடையை விரிப்பார். ஐயா பெருமையாகத் திருத்துவார்:

"மழையில்ல தம்பி, நம்ம பம்ப்."