சக்திக்கு லீவு

கேள்வி: எங்கள் பக்கத்துச் சாமியார் மனசில் நினைப்பதை அப்படியே சொல்கிறார். விஞ்ஞானிகள் கூப்பிட்டால் மட்டும் அந்தச் சக்தி ஏன் லீவு போட்டுவிடுகிறது? (வாசகர், வள்ளூர்)

பதில்: உங்கள் ஊர் அனல்மின் நிலையத்தின் 1500 மெகாவாட், நம்பாதவர் வீட்டிலும் பல்பை எரிக்கும். மனசக்திக்கோ சுற்றிலும் பக்தர்கள் வேண்டும்! ஒட்டிய உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைச் சொன்னாலே ஒரு லட்சம் என்று, 1963-ல் சவால் விட்டார் கொழும்பில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர். 1978-ல் அவர் இறக்கும்வரை பரிசை யாரும் வெல்லவில்லை. எதிர்காலம் தெரிந்தவர்களுக்குத் தோற்போம் என்பது தெரியாதா?

ஆய்வே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நடக்கப்போவது மாணவர்களுக்கு லேசாக முன்கூட்டியே தெரிகிறது என்று கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் டாரில் பெம் 2011-ல் எழுதினார். அவரது சோதனைகளில் ஒன்றை பிரிட்டனில் மூன்று பேர் திரும்பச் செய்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள்: ஒன்றும் தெரியவில்லை.