கமர்ஷியல் போகுது, பேசாதீங்க!

விளம்பர இடைவேளைக்கென்றே எங்கள் வீட்டில் சில வேலைகள் உண்டு. மொட்டைமாடித் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்ப்பது, இரவு மாத்திரை போட்டுக்கொள்வது, கேஸை மூடியாயிற்றா என்று உறுதி செய்வது, பாலுக்கு உறை ஊற்றுவது. சீரியல் மாமியார் கண்ணை உருட்டி, கேமரா மூன்று தடவை அவர் முகத்துக்குப் போய் வந்து, விளம்பரம் தொடங்கிவிட்டால் வீடே சுறுசுறுப்பாகிவிடும். விளம்பரம் கொடுப்பவர்கள் மட்டும் இல்லையென்றால் மறுநாள் எங்களுக்கு மோர் கிடையாது.

இந்தப் பழக்கத்தோடு அமெரிக்காவில் சூப்பர் பௌல் பார்க்க உட்கார்ந்தால் அடிதான் விழும். அவர்களுடைய கால்பந்து இறுதியாட்டம் அது. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நியூ ஆர்லியன்ஸில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸும் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸும் மோதின. நியூ ஜெர்சியில் மகன் வீடு இருக்கும் செர்ரி ஹில்லில் இருந்து ஆற்றைத் தாண்டினால் ஃபிலடெல்ஃபியா. ஆகவே ஊரே பச்சைச் சட்டையில் இருந்தது. மகனின் நண்பர்கள் நாலைந்து பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அமெரிக்கர் ஒரு அண்டா நிறைய சிப்ஸோடு வந்து சோபாவின் நடுவில் இடம் பிடித்தார்.

ஆட்டம் நடக்கும்போது எல்லாரும் பேசினார்கள். வீட்டுக் கடன் வட்டி, கிரீன் கார்டு, எந்தப் பள்ளிக்கூடம் தேவலை, எந்தக் கடையில் முருங்கைக்காய் வந்திருக்கிறது, எல்லாம். திடீரென்று அறை நிசப்தமானது. யாரோ ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். விளம்பரம்! நான் வழக்கம்போல மாத்திரைக்காக எழுந்தேன்.

“தாத்தா, உட்காருங்க! கமர்ஷியல் போகுது!” என்று அதட்டினாள் பேத்தி.

அப்புறம்தான் விவரம் தெரிந்தது. அன்றைக்கு 30 நொடி விளம்பரத்தின் விலை 80 லட்சம் டாலர் வரை போயிருந்தது. ரூபாயாக மாற்றிப் பார்க்காமல் எந்த அப்பாவும் அமெரிக்காவில் எதையும் அனுபவித்ததில்லை, நானும் மாற்றினேன். நொடிக்கு ஏறத்தாழ 2.3 கோடி ரூபாய். என் மாத்திரையை உறையிலிருந்து பிதுக்கி எடுப்பதற்குள் பத்துக் கோடி போய்விடும். பேத்தி அதட்டியதில் நியாயம் இருக்கிறது.

முதல் இறுதியாட்டம் 1967 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்தபோது என்.பி.சி., சி.பி.எஸ். என்று இரண்டு அலைவரிசைகள் ஒரே நேரத்தில் ஒளிபரப்பின. என்.பி.சி.யில் அன்று 30 நொடிக்கு 37,500 டாலர். அந்தக் காசுக்கு இன்று ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. ஒரு தடவை கண் சிமிட்டலாம், அவ்வளவுதான். ஆனால் ஆட்டமா தொலைக்காட்சியா, யார் பெரியவர் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது. இரண்டாம் பாதி தொடங்கியபோது என்.பி.சி. இடைவேளையிலிருந்து திரும்பி வரவில்லை என்பதால், உதைத்த பந்தை மறுபடியும் உதைக்கச் சொல்லிவிட்டார்கள். நம் ஊர்க் கல்யாணங்களில் வீடியோக்காரர் சொல்லித் தாலியை இன்னொரு தடவை கட்டுவது இதற்கெல்லாம் பிறகு வந்த வழக்கம்.

ஆட்டம் என்னவோ அறுபது நிமிடம்தான். ஒளிபரப்பு மூன்று மணி நேரத்தைத் தாண்டும். சாதாரணமாக இந்த ஆட்டங்களில் பந்து உண்மையிலேயே ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒருமுறை கணக்குப் போட்டுச் சொன்னது. மீதி நேரத்தில் கூடி நின்று ஆலோசிக்கிறார்கள். விழுந்தவன் எழுகிறான். அவன் விழுந்ததை ஆறு கோணத்தில் மெதுவாகக் காட்டுகிறார்கள். வர்ணனையாளர் திரையிலேயே கோடு கிழித்து, எந்தப் பக்கம் ஓடியிருந்தால் விழாமல் இருந்திருப்பான் என்று விளக்குகிறார்.

மைதானத்துக்குக் குறுக்கே ஒரு மஞ்சள் கோடும் தெரியும். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். அந்த எல்லைக்கோடு அது. 1998 முதல் கம்ப்யூட்டர் போடுகிற கோடு. தொலைக்காட்சியில் மட்டும்தான் தெரியும். ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் பணக்காரருக்குத் தெரியாது. ஓசியில் வடை தின்றுகொண்டு பார்க்கும் எனக்குத் தெரியும். வாழ்க்கையில் இப்படி ஒரு நியாயத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

‘சூப்பர் பௌல்’ என்ற பெயரின் உரிமையும் ஆட்டத்தை நடத்தும் லீக்கிடம் இருக்கிறது. அனுமதி வாங்காத கடைக்காரர்கள், புருஷன் பெயரைச் சொல்லாத அந்தக் காலத்துப் பாட்டிகள் மாதிரி, ‘பெரிய ஆட்டம்’ என்று ஜாடையாகச் சொல்லித்தான் சிப்ஸ் விற்கிறார்கள்.

அன்றைய ஆட்டத்தில் பரபரப்பு இல்லை. பாதியாட்டத்தில் ஈகிள்ஸ் 24, சீஃப்ஸ் பூஜ்யம். கடைசியில் 40–22. ஆக, விறுவிறுப்பைத் தரும் பொறுப்பு முழுக்க விளம்பரங்களின் தலையில் விழுந்தது. அந்த வருஷம் என்ன காரணமோ, உடல் உறுப்புகளெல்லாம் தனித்தனியாகக் கிளம்பிவிட்டன. ஒரு விளம்பரத்தில் ஆண்களின் மீசைகள் முகத்தை விட்டுப் பறந்து போய்ச் சிப்ஸ் டப்பாவைத் தூக்கி வந்தன. அதில் ஒரு மீசை சீஃப்ஸ் பயிற்சியாளர் ஆண்டி ரீடுடையது. பாவம், அன்று மைதானத்திலும் அவருக்கு எதுவும் ஒட்டவில்லை. இன்னொன்றில் யூஜீன் லெவி என்ற நடிகரின் புருவங்கள் பறந்தன. மற்றொன்றில் ஒரு நாக்கு வாயை விட்டு நீண்டு நடனமாடியது. சீல் என்ற பாடகர் பெயருக்கேற்பக் கடல்நாயாக மாறிப் பாறை மேல் கிடந்து பாடினார். பக்கத்து வீட்டுக்காரர் சிப்ஸ் சிந்தச் சிந்தச் சிரித்தார். மகனும் நண்பர்களும் சிரித்தார்கள், ஆனால் அரை நொடி கழித்து. அந்த அரை நொடியின் விலை ஒரு கோடிக்கு மேல்.

அந்தத் தாமதம் எனக்குப் புரிந்தது. ஆட்டத்தின் விதிகளைப் பேத்தி அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டாள். விளம்பரத்தை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. அதற்கு அந்த ஊரில் பிள்ளையாக இருந்திருக்க வேண்டும். அந்தச் சீலின் பாட்டு வந்த வருஷம் அங்கே பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும். இலங்கை வானொலியில் கோபால் பல்பொடி விளம்பரம் கேட்டு வளர்ந்தவன் நான். அதைப் பாடிக்காட்டினால் என் வயதுக்காரர் முகம் மலரும். பேத்தி மருத்துவரைக் கூப்பிடுவாள். கோடிகளைக் கொட்டி அவர்கள் வாங்குவது முப்பது நொடி இல்லை. பார்க்கிறவரின் முப்பது வருஷத்து ஞாபகம்.

இதற்கு அத்தாட்சியாக வந்தது ஹெல்மன்ஸ் மயோனைஸ் விளம்பரம். 1989-இல் வந்த ‘வென் ஹாரி மெட் சாலி’ படத்தின் மெக் ரயனும் பில்லி கிரிஸ்டலும், இப்போது வயதானவர்களாக, நியூயார்க்கில் அதே உணவுக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சாண்ட்விச்சில் ருசி இல்லை. அந்த அம்மாள் மயோனைஸைப் பிழிந்து ஒரு கடி கடிக்கிறார். பிறகு கண்ணை மூடி, மேசையைத் தட்டி அவர் எழுப்பிய சத்தங்களை எழுத்தில் கொண்டுவருவது மரியாதையாக இருக்காது. பசிக்கு அப்படிச் சத்தம் போட்டவரை நான் பார்த்ததில்லை. படம் பார்த்தவர்களுக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். பார்க்காத எனக்கும் ஒருவாறு தெரிந்துவிட்டது. மகன் மின்விசிறியே இல்லாத கூரையில் எதையோ தேடினான். மருமகள் “எண்ணெய் காயுது” என்று, எப்போதோ அணைத்துவிட்ட அடுப்பைப் பார்க்க ஓடினாள்.

“அந்தம்மாவுக்கு என்னடா ஆச்சு?” என்று என் மனைவி உரக்கக் கேட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா. சாண்ட்விச் நல்லா இருக்காம்.”

அன்று அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 12 கோடியே 77 லட்சம் பேர் என்று பிறகு கணக்கு வந்தது. அதில் அந்தப் படத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் விளம்பரத்தைப் பார்த்தவர்களில் என் மனைவிக்கு முன்வரிசையில் இடம் உண்டு. விளம்பரக்காரர்கள் அவளைக் கணக்கில் எடுத்திருக்க வாய்ப்பே இல்லை.

அடுத்த வாரம் மளிகை வாங்கப் போனோம். என் மனைவி தள்ளுவண்டியை நிறுத்தி, அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மகனிடம் நீட்டினாள்.

“ஏண்டா, அந்தம்மா அன்னிக்கு அவ்வளவு ரசிச்சுச் சாப்பிட்டாளே, அது இதுதானே? ரெண்டு எடுத்துக்கோ. நாப்பது வருஷமா என்ன சமைச்சுப் போட்டாலும் உங்கப்பா வாயிலேருந்து ஒரு சத்தம் வந்ததில்ல. இதையும் போட்டுப் பார்த்துடறேன்.”