வேண்டும் என்றார்கள், வேண்டாம் என்றார்கள்!

கேள்வி: புதிய அரசியலமைப்பு கேட்டுப் போராடிய சிலி மக்களே, எழுதிக் கொடுத்ததும் நிராகரித்துவிட்டார்களே! என்ன குழப்பம் இது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: குழப்பமே இல்லை. வரன் பார்க்கச் சொன்னால், வந்த முதல் வரனுக்கே கழுத்தை நீட்ட வேண்டுமா என்ன?

2019 அக்டோபரில் சிலி தலைநகர் சாந்தியாகோவில் மெட்ரோ கட்டணம் 30 பெசோ உயர்ந்தது. மாணவர்கள் டிக்கெட் தடுப்புகளைத் தாண்டிக் குதித்தார்கள். கோபம் 30 பெசோவுக்காக மட்டும் அல்ல. ஓய்வூதியம், மருத்துவம், கல்வி எல்லாம் தனியார் கைக்குப் போனதற்காக. அதற்கெல்லாம் வேராகச் சர்வாதிகாரி பினோசே காலத்து 1980 அரசியலமைப்பைக் கண்டார்கள். 2020 வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 78 சதவீதம் பேர் புதியது கேட்டார்கள். ஆனால், அன்று வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் பாதிப் பேர்தான்.

புதியதை எழுத அமைந்த 155 பேர் கொண்ட அவை 388 பிரிவுகளை எழுதியது. இடதுசாரிகளின் கை ஓங்கிய அந்த வரைவை, வாக்களிப்பு கட்டாயமாக்கப்பட்ட 2022 வாக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் தள்ளினார்கள். அடுத்து வலதுசாரிகளின் கை ஓங்கிய வரைவு வந்தது. 2023இல் அதுவும் தோற்றது. பலமுறை திருத்தப்பட்ட பழையதே நீடிக்கிறது.

துப்பாக்கி நிழலில் பிறந்த சட்டத்தை மாற்ற நினைத்தது நியாயமே. ஆனால், தேர்தலில் வென்றவர்கள் ஆட்சி நடத்தலாம். அரசியலமைப்பைத் தோற்றவர்களோடும் உட்கார்ந்துதான் எழுத வேண்டும். இரு தரப்புக்கும் சிலி மக்கள் கற்றுக்கொடுத்த பாடம் இதுதான். அவர்களுக்கு என் வணக்கம்!